முறிந்த விரலுக்கு ஸ்குரூ வேண்டுமா? கொல்லங்கோட்டிலிருந்து ஒரு பார்வை

கேரள, தமிழக எல்லையருகே உள்ள கொல்லங்கோட்டில் ஒருவருக்கு விரல் முறிந்தால் அவர் முன் மூன்று பேருந்துகள் நிற்கின்றன. ஒன்று பாலக்காட்டுக்கு. அங்கே மாவட்ட மருத்துவமனை உண்டு. 2014இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. இன்னொன்று நெம்மாறை, வடக்கஞ்சேரி வழியாகத் திருச்சூருக்கு. மூன்றாவது முதலமடை, கோவிந்தாபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்கு, அங்கிருந்து கோவை. பேருந்தே ஏறாமல் நடந்து போகக்கூடிய வழியும் ஒன்று உண்டு, எலும்பு வைத்தியர் வீடு.

எங்கே போகிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வைத்தியர் எண்ணெய் தடவி மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார். ஓர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. அடுத்ததில் தோலுக்கு வெளியே நுனி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. இன்னொன்றில் எலும்புக்குள் புதைந்துபோகும் ஸ்குரூ. ஒரே எக்ஸ்ரே, நான்கு தீர்ப்பு. நோயாளியின் வீட்டில் முடிவு சுலபம்: எதற்குச் செலவு அதிகமோ அதுதான் நல்ல வைத்தியம். "ஸ்குரூ போட்டாச்சு" என்று சொல்வதில் ஒரு பெருமிதம்கூட எட்டிப்பார்க்கும். அந்தப் பெருமிதத்துக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தப் பக்கம் விரல் முறியும் வழிகள் கொஞ்சமல்ல. முதலமடையில் மாங்காய்ப் பருவம் வந்துவிட்டால் கிளையிலிருந்து தவறி விழுகிறவர்கள் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். சித்தூர்ப் பக்கம் தென்னையேறிக் கள் இறக்குகிறவர்களுக்கும் அதே கதி. நெல் அறுவடை யந்திரத்தின் பெல்ட், கவிழ்ந்த பைக், சாத்திய கதவு என்று பட்டியல் நீளும். மைதானத்தில் பந்து பட்டு வீங்கிய விரலை "வெறும் சுளுக்கு" என்று இழுத்து நீவிவிடும் நண்பர்களையும் இதில் சேர்க்கவேண்டும். இதே எல்லையில் தெற்கே, இடுக்கி மலைகளில், தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்கள் இருக்கிறார்கள். ஜீப் கவிழ்ந்தால் அவர்களுக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி தேனி மருத்துவக் கல்லூரிதான். எல்லை ஊர்களில் சிகிச்சை என்பது பாதி மருத்துவம், பாதி பேருந்து நேரம்.

ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. உள்ளங்கை, விரல் எலும்புகளின் முறிவுகள் மட்டுமே மனித உடலின் மொத்த எலும்பு முறிவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று பாடநூல்கள் சொல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கத்தி படாமலேயே ஆறுபவை. முறிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போட்டு அசையவிடுவதே பலவற்றுக்குப் போதும்.

கோபத்தில் சுவரைக் குத்தியவரின் சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்து ஒடிந்து முன்பக்கமாகச் சாயும். எக்ஸ்ரேயில் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனாலும் 40 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் கை பெரும்பாலும் நன்றாகவே இயங்கும். இன்னும் அதிகச் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மோதிர விரலுக்கு 30 டிகிரி வரை. ஆள்காட்டி, நடுவிரல்களுக்கோ 10, 15 டிகிரிக்கு மேல் விடமாட்டார்கள். காரணம் எளிது. சுண்டுவிரல், மோதிர விரல்களின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு சேருமிடத்தில் ஆடிக்கொடுக்கும். மற்ற இரண்டும் தூண்போல அசையாமல் நிற்கும். ஆடுகிற எலும்பு கோணலை ஈடுகட்டிக்கொள்ளும். தூண் கோணலானால் கோணல்தான். சுண்டுவிரல் பக்கத்து இந்த முறிவுக்கு அறுவையில்லாத சிகிச்சைகளில் எது மேல் என்று 2005இல் ஆராய்ந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, எதையும் மேல் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றே முடித்தது.

சுவருக்குப் பதில் எதிராளியின் பல்லில் குத்தி முட்டியில் சின்னக் காயம் என்றால் கதை வேறு. வாயின் கிருமி மூட்டுக்குள் போய்விடும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சாய்வைப் பொறுக்கும் கை, முறுக்கைப் பொறுக்காது. விரல்களை மெல்ல மடக்கிப் பாருங்கள். நான்கும் கட்டைவிரல் பக்க மணிக்கட்டின் அடிமேட்டை நோக்கிக் குவியும். முறிந்த எலும்பு தன் அச்சில் வெறும் 5 டிகிரி திரும்பிச் சேர்ந்தாலும், மடக்கும்போது விரல் நுனி பக்கத்து விரல்மேல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை ஏறி உட்கார்ந்துவிடும். பிடிக்கிற கத்தி, கயிறு, வாளிக் கைப்பிடி எல்லாவற்றிலும் அந்த விரல் இடறும். இந்த முறுக்கை எக்ஸ்ரே சரியாகக் காட்டாது. விரலை நீட்டி வைத்து எடுத்த படத்தில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். நோயாளியின் கையை மடக்கிப் பார்க்காமல் படத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை, அது எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியானாலும், நான் நம்பமாட்டேன்.

முறிவைவிட மோசமான எதிரி ஒன்று இருக்கிறது. விறைப்பு. விரல் எலும்பைச் சுற்றித் தசை கிடையாது. மேலே நீட்டும் தசைநாண், கீழே மடக்கும் தசைநாண், அவ்வளவுதான். இரண்டும் எலும்பை ஒட்டி வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. எலும்பு ஆறும்போது ஊறும் பசை, அசையாமல் கிடக்கும் நாணையும் சேர்த்து ஒட்டிவிடும். விரல் எலும்பு 3, 4 வாரத்திலும் உள்ளங்கை எலும்பு 4 முதல் 6 வாரத்திலும் அசைக்கும் அளவுக்குக் கூடிவிடும். ஆனால் எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மறையப் பல மாதம் பிடிக்கும். கோடு போகட்டும் என்று காத்திருந்து கட்டை நீட்டித்தால் எலும்பு சேர்ந்திருக்கும், விரல் செத்திருக்கும்.

கட்டுப்போடும் நிலையும் முக்கியம். விரலடி முட்டி 70 முதல் 90 டிகிரி மடங்கி, மற்ற இரண்டு கணுக்களும் நேராக இருக்கவேண்டும், கூரைச் சரிவுபோல. முட்டி நேராக இருக்கும்போது அதன் பக்கவாட்டு நார்கள் தளர்ந்து கிடக்கும். அப்படியே வாரக்கணக்கில் கிடந்தால் சுருங்கிவிடும். பிறகு மடக்க வராது. வைத்தியர் வீட்டுத் தப்பைக் கட்டில் எனக்குள்ள முதல் சங்கடம் இதுதான்: கை தட்டையாகப் படுத்துவிடுகிறது. இதை நாட்டு வைத்தியத்தின் குறையாக மட்டும் சொல்லவும் மனம் வரவில்லை. அவசரத்தில் தட்டையாக மாவுக்கட்டு போட்டு அனுப்பும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. விலகாத முறிவு எந்தக் கட்டிலும் ஆறும். அந்த வெற்றிகளால்தான் வைத்தியரின் பெயர் நிற்கிறது. கட்டு இறுகி விரல் நீலம் பாரித்து மரத்துப்போனால் காலை வரை காத்திருக்கக்கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி ஸ்குரூவுக்கு வருவோம். கோவைப் பட்டறைகளில் லேத் ஓட்டியவர்களுக்கு இதைப் பாதி சொன்னால் போதும்; 'மறை', 'மறை இடைவெளி' என்ற சொற்களே அவர்களுடையவை. ஸ்குரூவின் தடிமன் விரல் எலும்புக்கு 1.3, 1.5 மில்லிமீட்டர், உள்ளங்கை எலும்புக்கு 2 மில்லிமீட்டர் அல்லது அதைவிடச் சற்றுத் தடித்தது. கைக்கடிகாரப் பழுதுபார்ப்பவரின் மேசையில் கிடந்தால் வித்தியாசம் தெரியாது.

இரண்டு துண்டுகளை ஸ்குரூ எப்படி இறுக்குகிறது? சும்மா துளைத்து முறுக்கினால் இரண்டு துண்டிலும் மறை பிடித்து, இடையிலுள்ள விரிசல் அப்படியே நிற்கும். அதனால் முதல் துண்டில் துளையைப் பெரிதாகவும் எதிர்த் துண்டில் சிறிதாகவும் போடுவார்கள். 1.5 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு இந்தப் பக்கம் 1.5, அந்தப் பக்கம் 1.1. இந்தப் பக்கத்தில் மறை பிடிக்காமல் ஸ்குரூ வழுக்கும். அந்தப் பக்கத்தில் கவ்வும். தலை வந்து அழுத்தும். விரிசல் மூடிக்கொள்ளும். மரவேலை செய்கிறவர்கள் இரு பலகையை இறுக்கும் அதே வித்தைதான். ஆனால் பலகை பிளந்தால் வேறு பலகை எடுக்கலாம். விரல் எலும்பில் துளை விளிம்புக்கு நெருங்கிவிட்டால் துண்டு இரண்டாகும். வேறு எலும்பு இல்லை. அதனால்தான் முறிவின் நீளம் எலும்பின் தடிமனைப் போல இரு மடங்காவது இருந்தால்தான் வெறும் ஸ்குரூக்களை நம்பலாம் என்றும், குறைந்தது இரண்டு போடவேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறார்கள். நேர்குறுக்கே முறிந்த எலும்புக்கு இந்த வித்தை செல்லாது.

எலும்புக்கு ஸ்குரூ புதிதல்ல. பெல்ஜியத்தின் ஆல்பின் லாம்போட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எலும்பைத் திருகாணியாலும் தகட்டாலும் இணைத்தார். ஜெர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் அறிமுகப்படுத்திய கம்பிதான் இன்றும் 'கே வயர்' என்ற பெயரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. 1958இல் ஸ்விட்சர்லாந்தில் மாரிஸ் முல்லரும் தோழர்களும் தொடங்கிய ஏஓ குழு, கருவிகளையும் விதிகளையும் ஒழுங்கு செய்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது டிமோதி ஹெர்பெர்ட்டின் யோசனை. மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று படகு வடிவ எலும்பு ஒன்று உண்டு. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கித்தான் போகிறது. நடுவில் முறிந்தால் மேல்முனை பட்டினி கிடந்து மடியலாம். எலும்பின் பெரும்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருப்பதால் ஸ்குரூவின் தலை துருத்திக்கொண்டு நிற்க இடமில்லை. ஆஸ்திரேலியாவின் ஹெர்பெர்ட் தலையே இல்லாத ஸ்குரூ செய்தார். இரு முனையிலும் மறை. ஆனால் மறை இடைவெளி இரண்டிலும் வேறு. முன்முனை ஒரு சுற்றுக்கு அதிகம் முன்னேறும், பின்முனை குறைவாக. திருகத் திருக இரண்டு துண்டும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். ஹெர்பெர்ட்டும் அவர் சகா ஃபிஷரும் 1984இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்று சந்தையிலுள்ள தலையில்லா ஸ்குரூக்கள் எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள்.

வாரிசுகளில் ஒன்று உள்ளங்கை எலும்புக்கு வந்தது. 2010இல் பாஸ்டனைச் சேர்ந்த சைதன்ய முட்கல் உள்ளிட்ட மூவர், எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள்ளேயே நீள ஸ்குரூ ஒன்றைச் செலுத்தி முறிந்த கழுத்தை நிறுத்தியதை எழுதினார்கள். முட்டியின் மேல் சின்னக் கீறல். மூட்டின் குருத்தெலும்பு வழியாகத் துளை. ஊசிபோன்ற வழிகாட்டிக் கம்பியின் மேல் ஸ்குரூ இறங்கும். தசைநாணைப் பெரிதாகக் கிளற வேண்டாம்; தகடு வேண்டாம். சில நாளிலேயே கையை மடக்கச் சொல்லிவிடலாம். மூட்டைத் துளைக்கிறோமே என்ற உறுத்தல் பலருக்கு இருந்தது. துளை சிறியது, பெரும்பாலான அசைவில் எதிர் எலும்பு அதன்மேல் உரசுவதில்லை என்பது ஆதரவாளர்களின் பதில். நீண்டகாலக் கேள்வி முழுதாக மூடவில்லை. ஒன்று நிச்சயம்: வளர்ச்சித் தட்டு மூடாத பிள்ளைகளுக்கும், நொறுங்கிச் சுருங்கிய எலும்புக்கும் இது ஏற்றதல்ல.

இவ்வளவு நேர்த்தியான பொருளை ஆய்வுகளில் நிறுத்திப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? ஸ்குரூ விரும்பிகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

2003இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு. விரலின் அடி எலும்பு சாய்வாகவோ சுருளாகவோ முறிந்த 32 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பேருக்குத் தோலைத் திறக்காமல் கம்பி. மற்றவர்களுக்குத் திறந்து ஸ்குரூ. கடைசியில் வலியிலோ அசைவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2020இல் லான்செட்டில் வந்த ஸ்விஃப்ட் ஆய்வு இன்னும் பெரியது: இங்கிலாந்து, வேல்ஸில் 31 ஆஸ்பத்திரிகள், 439 பேர். நடுவில் முறிந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாத ஸ்கேஃபாய்டுக்கு உடனே ஸ்குரூவா, முதலில் மாவுக்கட்டு போட்டுக் கூடாதவர்களுக்கு மட்டும் ஸ்குரூவா? 52 வாரம் கழித்து இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மாவுக்கட்டே முதல் வழி என்று முடித்தார்கள்.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஸ்வீடனில் நடந்து 2023இல் வெளியானது. உள்ளங்கை எலும்பு ஒன்று மட்டும் சுருளாக முறிந்த 42 பேர். ஒரு தரப்புக்கு அறுவையும் ஸ்குரூவும். மறுதரப்புக்குக் கட்டே இல்லை. முதல்நாள் முதலே கையை அசையுங்கள் என்று அனுப்பினார்கள். ஓராண்டு கழித்துப் பிடிவலு சளைக்கவில்லை. அறுவை இல்லாத தரப்பில் எலும்பு சராசரியாக 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குட்டையாகிச் சேர்ந்தது. மறு அறுவை தேவைப்பட்ட மூவருமே ஸ்குரூ போட்டவர்கள். சடலக் கைகளில் அளந்தவர்கள் 2 மில்லிமீட்டர் குட்டையானாலே விரல் 7 டிகிரி நீட்ட முடியாமல் போகும் என்று முன்பு எழுதியிருந்தார்கள். உயிருள்ள கை அந்தக் கணக்கைத் தானே சரிக்கட்டிக்கொண்டது. மடக்க மடக்கப் பக்கத்து விரல்கள் முறுக்கையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தன என்பது அந்த ஆய்வர்களின் விளக்கம்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இதுதான். ஸ்குரூ எலும்பைச் சீக்கிரம் கூடவைப்பதில்லை. எலும்பு தன் வேகத்தில்தான் கூடும். ஸ்குரூ வாங்கித் தருவது சில வாரங்களுக்கான அசைவு. அந்த அசைவு வேறு வழியில் கிடைக்குமானால் ஸ்குரூ தேவையில்லை. ஸ்குரூ போட்ட பிறகும் கையைத் தூக்கணாங்குருவிக் கூடுபோலத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தால், போட்டதும் வீண். அறுவைக் காயத்தின் தழும்பு நாணை இன்னும் இறுக ஒட்டிவிடும். முன்பைவிட நிலைமை மோசம். விரல் எலும்பில் தகடு வைப்பதைக் கை அறுவையின் நுணுக்கம் தெரிந்தவர்கள் தயங்கித் தயங்கிச் செய்வதும் இதனால்தான்.

ஸ்குரூ கைகொடுக்கும் இடங்களும் உண்டு. மூட்டின் முனை உடைந்து படிபோல ஏற்றத்தாழ்வாக நிற்கும் முறிவு. முறுக்கு திரும்பத் திரும்ப வந்துவிடும் நீண்ட சுருள் முறிவு. இரண்டு மூன்று உள்ளங்கை எலும்புகள் ஒரே நேரத்தில் போனது. கட்டைவிரல் அடியில் மூட்டோடு முறியும் வகை. டப்ளினின் பென்னட் 1880களிலேயே விவரித்தது. இங்கெல்லாம் கட்டு மட்டும் போதும் என்பவரிடம் இரண்டாவது கருத்து கேட்கலாம்.

ஆனால் பிரிட்டிஷ் ஆய்வுகளும் ஸ்வீடன் ஆய்வும் கேட்காத கேள்விகள் கொல்லங்கோட்டில் உண்டு. கம்பியின் நுனி தோலுக்கு வெளியே மூன்று நான்கு வாரம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையோடு நாற்றங்காலில் இறங்கவேண்டிய பெண்ணுக்கு, மாடு கழுவவேண்டிய ஆளுக்கு, "ஈரம் படக்கூடாது" என்பது எந்த அளவுக்கு நடக்கும்? கம்பித் துளை வழியே சீழ் பிடிப்பது பாடநூலில் ஒரு வரி. இங்கே அது ஓர் அன்றாடச் சாத்தியம். புதைந்துகிடக்கும் ஸ்குரூவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்பி எடுக்க ஒரு பயணம், டிரெஸ்ஸிங்குக்குச் சில பயணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலி. இந்தச் செலவு எந்த ஆய்வின் அட்டவணையிலும் இல்லை. முடிவு சமம் என்று ஆய்வு சொல்லும் இடத்தில், ஒருவர் எந்த வயலுக்குத் திரும்புகிறார் என்பது தராசைச் சாய்க்கலாம் என்றே நினைக்கிறேன். மறுபக்கமும் உண்டு: ஸ்குரூ போட்டுக்கொண்டு, பிசியோதெரபிக்கு வர பஸ் காசில்லாமல் வீட்டிலிருப்பவருக்கு இந்த வாதம் உதவாது.

கை அறுவையில் தென்னிந்தியா ஒன்றும் பின்தங்கியதல்ல. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றிக்கட்டி உயிர் கொடுத்த பால் பிராண்டு 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். எலும்பைவிட நாணின் ஓட்டமே கை என்பதை அவர் அளவுக்கு வலியுறுத்தியவர்கள் குறைவு. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆர். வெங்கடசாமி 1971இல் கைக்கென்றே தனிப்பிரிவு தொடங்கினார். கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜ சபாபதி 1991 முதல் கட்டியெழுப்பிய கை அறுவைப் பிரிவுக்கு வெளிநாட்டு மருத்துவர்களும் வந்து கற்றுப்போகிறார்கள். நசுங்கிய, துண்டான கைகளைப் பட்டறைகளும் ஆலைகளும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்த ஊரில் அந்தத் திறமை வளர்ந்தது தற்செயல் அல்ல.

அறுவை மேசையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. விரலில் அட்ரினலின் கலந்த மரப்பு ஊசி போட்டால் விரல் அழுகிவிடும் என்று தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கனடாவின் டொனால்ட் லலோண்டும் சகாக்களும் 3,110 நோயாளிகளின் கையிலும் விரலிலும் அந்த ஊசி போட்ட அனுபவத்தை 2005இல் வெளியிட்டார்கள். ஒரு விரலும் போகவில்லை. மயக்கமும் வேண்டாம், ரத்தத்தை நிறுத்தக் கையில் பட்டியும் இறுக்க வேண்டாம். நோயாளி விழித்திருப்பார். ஸ்குரூவை இறுக்கியதும் "மடக்குங்க பார்ப்போம்" என்று மருத்துவர் சொல்வார். விரல் பக்கத்து விரல்மேல் ஏறுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஏறினால் கழற்றித் திருத்தலாம். எக்ஸ்ரே காட்டாததை நோயாளியின் சொந்த விரல் காட்டிக்கொடுக்கிறது.

பணத்துக்கு வருவோம். கேரள ரேஷன் கார்டு வைத்திருக்கும் தகுதியுள்ள குடும்பத்துக்குக் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. எல்லை தாண்டிப் பொள்ளாச்சிச் சாலையில் விபத்து நடந்தால், தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' முதல் 48 மணிநேரச் சிகிச்சையை ஏற்கும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்க்காது. ஆனால் அது சாலை விபத்துக்கு மட்டும். மாமரத்திலிருந்து விழுந்த விரலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

பாலக்காட்டுப் பக்கத்து நோயாளிகள் கேட்கும் கேள்வி வேறு. "இதோட துபாய் போனா ஏர்போர்ட்ல சத்தம் வருமா டாக்டர்?" இந்த அளவுச் சிறு ஸ்குரூவுக்குப் பெரும்பாலும் வராது. "எப்ப எடுக்கணும்?" உறுத்தாவிட்டால், மூட்டுக்குள் நீட்டாவிட்டால், நாணில் உரசாவிட்டால் எடுக்கவே வேண்டாம். குழாய்க்குள் இறக்கிய தலையில்லா ஸ்குரூ எலும்பால் மூடப்பட்டுவிடும். அதைத் திரும்ப எடுப்பது போட்டதைவிடக் கஷ்டம். "தென்னை எப்ப ஏறலாம்?" இரண்டு மூன்று மாதம். "சரி, மடக்கிப் பழகறது எப்பலேர்ந்து?" பலர் கேட்காமல் எழுந்து போய்விடும் கேள்வி இது. ஸ்குரூ நன்றாகப் பிடித்திருந்தால் வீக்கம் வடியத் தொடங்கும் அந்த முதல் வாரத்திலிருந்தே.